கிட் காருக்கு பிரேக்கும் பிரேக் குழாயும் பொருத்துவது: சக்கரத்தில் தொடங்கிப் பெடலில் முடியும் முழு வழிகாட்டி

பாகங்களாக வாங்கிய கிட் காரை வீட்டில் கட்டுபவர்களில் பலர் பிரேக் வேலையைப் பெடலில் இருந்து தொடங்குகிறார்கள். பெடலின் விசையை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரை மாட்டியாகிவிட்டது, குழாய்ச் சுருளும் கையில் இருக்கிறது. உடனே வளைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். பிறகு எக்ஸாஸ்ட் வருகிறது, ஸ்டீயரிங் தண்டு வருகிறது, சஸ்பென்ஷன் மேலும் கீழும் போகிறது. பாதிக் குழாயை அவிழ்த்து, நிமிர்த்தி, மறுபடி வளைக்கிறார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வளைத்த உலோகம் அந்த இடத்தில் கெட்டிப்பட்டு, பிறகு அதிர்வில் விரிசல் விடும்.

ஆகவே இந்த வழிகாட்டி தலைகீழாகப் போகிறது. முதலில் சக்கரம், அடுத்து காலிப்பர் (பேட்களை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்), ஹோஸ் (வளைந்து கொடுக்கும் குழாய்), உலோகக் குழாய், பெடல் என்று வந்து, பிரேக் ஆயிலை எல்லாவற்றுக்கும் கடைசியில் ஊற்றுகிறோம். வரிசையை மாற்றாதீர்கள், ஒவ்வொரு படியும் முந்தைய படி முடிந்துவிட்டது என்ற நம்பிக்கையில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

1. தொடங்கும் முன் முடிந்திருக்க வேண்டியவை

சஸ்பென்ஷன் முழுமையாகப் பொருத்தப்பட்டு, அதன் போல்ட்கள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். ஸ்டீயரிங் ரேக் மாட்டியிருக்க வேண்டும். எஞ்சினும் கியர்பாக்ஸும் உள்ளே இருக்க வேண்டும். இல்லையென்றால் எக்ஸாஸ்ட் எந்த வழியாகப் போகும் என்பதாவது உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் ஓட்டப் போகும் அதே சக்கரமும் டயரும் கையில் இருக்க வேண்டும். இரவல் சக்கரத்தை வைத்து அளந்தால் காலிப்பர் இடிப்பது கடைசியில்தான் தெரியவரும்.

கருவிகளில் மூன்றில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்: குழாயின் முனையை விரித்து ஃபிளேராக்கும் நல்ல ஃபிளேரிங் கருவி, சிறிய குழாய் வெட்டி, குழாய் நட்டுக்கென்றே உள்ள ஃபிளேர் நட் ஸ்பேனர். சாதாரண திறந்த வாய் ஸ்பேனர் நட்டை இரண்டு முகங்களில் மட்டுமே பிடிக்கும். மென்மையான நட்டின் மூலைகள் வழிந்துவிடும். வளைக்கும் கருவி, பிரேக் கிளீனர், தூசி தட்டாத துணி, திறந்த முனைகளை மூட ரப்பர் மூடிகள் ஆகியவையும் தேவை. காரைத் தாங்க நான்கு ஆக்சில் ஸ்டாண்டுகள் வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள்.

குளோரின் கலந்த பிரேக் கிளீனரை அடித்த இடத்தில் வெல்டிங் செய்யக் கூடாது. சூட்டில் அது பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறக்கூடும். பிராக்கெட் வெல்டிங் ஏதாவது பாக்கி இருந்தால் இப்போதே முடித்துவிடுங்கள்.

2. காசு கொடுக்கும் முன் கணக்குப் போடுங்கள்

காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர், பெடல் மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் பாதிக்கப்படும்.

ஒரு எடுத்துக்காட்டு. காலால் 300 நியூட்டன் விசையில், அதாவது ஏறத்தாழ 30 கிலோ எடைக்குச் சமமாக, அழுத்துகிறீர்கள். பெடலின் நெம்பு விகிதம், அதாவது அது விசையைப் பெருக்கும் மடங்கு, 6 என்றால் மாஸ்டர் சிலிண்டருக்கு 1800 நியூட்டன் போகும். சிலிண்டரின் விட்டம் 19.05 மி.மீ. என்றால் பரப்பு 285 சதுர மி.மீ.; அழுத்தம் சுமார் 63 பார். அதே பெடலில் 22.2 மி.மீ. சிலிண்டரை வைத்தால் அழுத்தம் சுமார் 46 பாராகக் குறைந்துவிடும். பெரிய சிலிண்டர் வைத்தால் பிரேக் கூடும் என்று நினைப்பவர்கள் நிறைய. நடப்பது நேர் எதிர்: பெரிய சிலிண்டரில் பெடல் குறைவாக இறங்கும், ஆனால் கடினமாக இருக்கும். சிறிய சிலிண்டரில் பெடல் இலகுவாக இருக்கும், ஆனால் அதிகம் இறங்கும். அளவுக்கு மீறிச் சிறியதாக வைத்தால் பேட் டிஸ்க்கைப் பிடிக்கும் முன்பே பெடல் தரையைத் தொட்டுவிடலாம்.

காலின் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டர் உள்ள கார்களில் நெம்பு விகிதம் பொதுவாக 4-ஐ ஒட்டி இருக்கும். பூஸ்டர் இல்லாதபோது 5 முதல் 6 வரை வேண்டும். உதிரிகள் எடுத்த மூலக் காரில் இருந்த பூஸ்டரைக் கழற்றிவிட்டு, அதன் பெடலை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டால் கார் நிற்காது. கால் வலிதான் மிஞ்சும்.

பிரேக் சுற்று இரண்டாகப் பிரிந்திருக்க வேண்டும். ஒன்றில் கசிந்தாலும் மற்றொன்று காரை நிறுத்தும். இரண்டு அறைகள் கொண்ட ஒரே மாஸ்டர் சிலிண்டரோ, பெடல் விசையைப் பங்கிடும் சமநிலைத் தண்டால் இணைந்த இரண்டு தனிச் சிலிண்டர்களோ போதும். ஒற்றைச் சுற்றுப் பழைய சிலிண்டர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

3. மரையும் ஃபிளேரும் சேர்கின்றனவா என்று பாருங்கள்

கிட் காரில் உதிரிகள் பல இடங்களில் இருந்து வருகின்றன. முன் காலிப்பர் ஒரு காரிலிருந்து, பின் ஆக்சில் இன்னொன்றிலிருந்து, மாஸ்டர் சிலிண்டர் புதிதாக. உயிருக்கு உலை வைக்கும் தவறு இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

4.75 மி.மீ. குழாய்க்கு மிகுதியாகப் புழங்கும் மரைகள் இரண்டு. ஒன்று மெட்ரிக்: 10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. மரை இடைவெளி. மற்றொன்று அங்குல அளவு: விட்டம் 9.53 மி.மீ., அங்குலத்துக்கு 24 மரை, அதாவது இடைவெளி 1.06 மி.மீ. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். அங்குல நட் மெட்ரிக் துளைக்குள் சுலபமாகச் சுழன்று போய்விடும், இறுக்கினால் பிடிப்பதுபோலவும் தோன்றும். உண்மையில் மரையின் நுனிகள் மட்டுமே தாங்கிக்கொண்டிருக்கும். அவசரத்தில் பெடலை ஓங்கி மிதிக்கும் நாளில் அது பிடுங்கிக்கொண்டு வரும். நட்டைக் கையில் சுழற்றும்போது ஆட்டம் தெரிந்தால் நிறுத்திவிட்டு மரை அளவியை வைத்துப் பாருங்கள்.

அடுத்தது ஃபிளேர். டார்ச்சை அடித்துத் துளையின் அடியைப் பாருங்கள். அடியில் கூம்பு மேலே எழும்பி நின்றால் அது 45 பாகை இரட்டை ஃபிளேருக்கு உரியது. குழாய் முனை புனலாக விரிந்து கூம்பின் மேல் உட்கார வேண்டும். அடி குழிந்திருந்தால் குமிழ் ஃபிளேர் வேண்டும். குழாய் முனை உருண்டையாகி அந்தக் குழிக்குள் அமரும். பந்தயக் கார் உதிரிகளில் 37 பாகைக் கூம்பும் வரும். ஒன்றுக்கு உரியதை மற்றொன்றில் வைத்து இறுக்கினால் முதல் நாள் கசியாமலும் இருக்கலாம். அதை நம்பிவிடாதீர்கள்.

வண்டி முழுவதும் ஒரே மரை, ஒரே ஃபிளேர் என்று கொண்டுவருவது நல்லது. முடியாத இடத்தில் அதற்கென்று தயாரித்த மாற்று இணைப்பானை வாங்குங்கள். எந்தெந்தத் துளைக்கு எது என்று ஒரு தாளில் படம் வரைந்து, கேரேஜ் சுவரில் ஒட்டிவையுங்கள்.

4. டிஸ்க், காலிப்பர், டிரம்

புதிய டிஸ்க்கின் மேல் துரு தடுக்கும் எண்ணெய் பூசியிருக்கும். பிரேக் கிளீனரால் இரு முகங்களையும் துடையுங்கள். ஹப் முகத்தில் ஒட்டியிருக்கும் துருவையும் பெயின்டையும் சுரண்டி எடுங்கள். அங்கே ஒரு சிறு பொருக்கு இருந்தாலும் டிஸ்க் சாய்ந்து உட்காரும். சக்கர நட்டுகளை வைத்து டிஸ்க்கை இறுக்கி, டயல் அளவியால் சுற்றிப் பாருங்கள். ஆட்டம் 0.1 மி.மீ.க்கு மேல் போனால் பெடல் காலுக்கடியில் துடிக்கும்.

காலிப்பரைப் பொருத்தும்போது டிஸ்க் அதன் நடுவில் வருகிறதா என்று இருபுறமும் அளந்து பாருங்கள். கிட் காருக்கான பிராக்கெட்கள் எப்போதும் துல்லியமாக இருப்பதில்லை. ஷிம் என்ற மெல்லிய இடைத்தகடு வைத்துச் சரிசெய்யலாம். மூலக் காரின் அசல் போல்ட்டையே பயன்படுத்துங்கள். தலையில் 10.9 போன்ற வலிமை எண் இல்லாத போல்ட் இங்கே கூடாது. போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்ற டார்க் அளவைத் தயாரிப்பாளர் சொன்னபடி வையுங்கள்.

இப்போது ஒரு படி விலகி நின்று பாருங்கள். காற்று வெளியேறும் நிப்பிள் காலிப்பரின் உச்சியில் இருக்கிறதா? காற்று மேலேதான் போகும். இடது, வலது காலிப்பர்களை மாற்றி மாட்டினால் நிப்பிள் அடியில் வந்துவிடும். அதன் பிறகு எத்தனை புட்டி ஆயிலைச் செலவழித்தாலும் உச்சியில் தங்கிய காற்று வராது. மூலக் காரில் டிஸ்க்குக்கு முன்னால் இருந்த காலிப்பரை இடத்துக்காகப் பின்னால் மாற்றுபவர்கள் இதில் அடிக்கடி சிக்குகிறார்கள். புதிதாகக் கட்டியவர் பெடல் கெட்டிப்படவில்லை என்று அழைத்தால் நான் முதலில் பார்க்கும் இடம் இதுதான்.

டிரம் என்றால் ஷூவின் ஸ்பிரிங்குகள் சரியான துளையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சக்கர சிலிண்டர் கசிந்து ஷூ நனைந்திருந்தால் அதைக் கழுவிப் பயன்படுத்த வேண்டாம், மாற்றிவிடுங்கள். சக்கரத்தை மாட்டி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, காலிப்பருக்கும் ரிம்முக்கும் இடையே எல்லா இடத்திலும் இடைவெளி இருக்கிறதா, சமநிலை எடை ஒட்டும் இடம் இடிக்காதா என்று பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

5. ஹோஸ்: அசைய வேண்டியது தடையின்றி அசைய வேண்டும்

குழாய் ஓரிடத்திலும் அசையக் கூடாது; ஹோஸ் எங்கும் இழுபடவோ உரசவோ கூடாது. பிரேக் வழித்தடத்தின் விதிகளில் பாதி இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

ஸ்பிரிங்கையோ ஷாக் அப்ஸார்பரையோ தற்காலிகமாகக் கழற்றிவிடுங்கள். அப்போதுதான் சக்கரத்தை ஜாக்கால் முழுவதும் மேலே தூக்கவும் முழுவதும் கீழே தொங்கவிடவும் முடியும். சக்கரம் டயரோடு மாட்டியிருக்கட்டும். இந்த நான்கு நிலைகளிலும் ஹோஸைப் பாருங்கள்: முழு மேலே இடது திருப்பம், முழு மேலே வலது திருப்பம், முழு கீழே இடது, முழு கீழே வலது. ஒவ்வொரு நிலையிலும் ஹோஸுக்கும் டயரின் உள் பக்கத்துக்கும் நடுவே விரலை விட்டுத் தடவுங்கள். சமதரையில் நிற்கும் காரில் எல்லா ஹோஸும் அழகாகத்தான் தெரியும். முழுத் திருப்பத்தில் சக்கரம் பள்ளத்தில் விழும் நொடியில்தான் குட்டை ஹோஸ் விண்ணென்று இழுபடும்.

ஹோஸ் முறுக்கிக்கொள்ளக் கூடாது. முதலில் நிலையான முனையை காலிப்பரில் இறுக்குங்கள். பிறகு மறுமுனையை சேஸிஸ் பிராக்கெட்டில் நுழைத்து, முறுக்கில்லாத நிலையில் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். பெரும்பாலான ஹோஸ்களில் நீளவாக்கில் ஒரு கோடு இருக்கும். அது நேராகப் போனால் முறுக்கில்லை என்று பொருள்.

காலிப்பர் முனையில் குறுக்குத் துளையுள்ள பாஞ்சோ போல்ட் என்றால் இருபுறமும் ஒவ்வொன்றாக இரண்டு புதிய செம்பு வாஷர்கள் வேண்டும். பழைய வாஷர் ஏற்கெனவே நசுங்கிக் கெட்டிப்பட்டது, மறுபடி மூடாது. நேராகத் திருகும் ஹோஸில் சில, வாஷரில் மூடுபவை. சில, துளையின் அடியில் உள்ள கூம்பில் மூடுபவை. கூம்பில் மூடும் ஹோஸுக்கு அடியில் வாஷர் வைத்தால் முனை கூம்பைத் தொடாது.

எஃகுக் கம்பி பின்னிய ஹோஸ் அழுத்தத்தில் குறைவாகவே உப்பும் என்பதால் பெடல் திடமாக இருக்கும். ஆனால் மேல் உறையில்லாத எஃகுப் பின்னல் தான் தொடுவதையெல்லாம் அரம்போல் அறுத்துவிடும். பிளாஸ்டிக் உறை போட்டதையே வாங்குங்கள்.

6. குழாய் போகும் வழி

முதலில் மெல்லிய இரும்புக் கம்பியை எடுத்து சேஸிஸ் மீது வளைத்து, வழியை முடிவு செய்யுங்கள். கம்பியை எத்தனை முறை வேண்டுமானாலும் நிமிர்த்தலாம். முடிவான கம்பிதான் குழாய்க்கு வார்ப்பு.

குழாய் சேஸிஸ் சட்டத்தின் உட்புறத்தை ஒட்டிப் போகட்டும். அடிப்பகுதியில் தொங்கினால் கல்லும் ஜாக்கும் நசுக்கும். எக்ஸாஸ்ட்டை விட்டு விலக்கி வையுங்கள். சூட்டில் ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவி உண்டாகும், ஆவி அழுந்திவிடும், பெடல் கீழே போகும். இடமே இல்லையென்றால் நடுவில் வெப்பத் தகடு போடுங்கள். முன்னே எஞ்சினும் பின்னே ஓடும் சக்கரமும் உள்ள காரில் சுழலும் தண்டின் சுரங்கம் வழியாகக் குழாயைக் கொண்டுபோவது உண்டு. அப்படியானால் தண்டின் மூட்டு கழன்றாலும் அடிபடாத மூலையில் வையுங்கள். முடிந்தால் வேறு வழியைத் தேர்ந்தெடுப்பதுதான் என் விருப்பம்.

தலைகீழ் ப வடிவில் மேலே ஏறி இறங்கும் வளைவு வேண்டாம். அதன் உச்சியில் காற்று தங்கும்.

ஒவ்வொரு 30 செ.மீ.க்குள்ளும் ஒரு கிளிப், வளைவுகளுக்கு இருபுறமும் ஒவ்வொன்று, டி இணைப்புக்குப் பக்கத்தில் ஒன்று. டி இணைப்பைச் சட்டத்தில் போல்ட் போட்டு நிறுத்த வேண்டும். குழாயில் தொங்கவிடக் கூடாது. தகட்டைத் துளைத்துப் போகும் இடங்களில் ரப்பர் புஷ் வேண்டும். பிளாஸ்டிக் கட்டுப்பட்டையால் பிரேக் குழாயைக் கட்டிவிட்டு, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் அதை மாற்றி நான் பார்த்ததில்லை. கிளிப்பை முதல் தடவையே போடுங்கள்.

7. வெட்டுவதும் ஃபிளேர் போடுவதும்

குழாயின் உலோகத்தில் தொடங்குவோம். செம்பு 90, நிக்கல் 10 விழுக்காடு கலந்த குழாய் கையால் வளையும், துருப்பிடிக்காது, ஃபிளேரும் சுத்தமாக வரும். வீட்டில் கட்டுபவருக்கு அதுவே சரி. வெறும் செம்பு அதிர்வில் கெட்டிப்பட்டு வெடிக்கும். சில நாடுகளில் அதைத் தடையே செய்திருக்கிறார்கள். துருப்பிடிக்காத எஃகு கடினமானது. வீட்டுக் கருவியில் ஃபிளேர் பெரும்பாலும் விரிசல் விடும். தண்ணீர்க் குழாய்க்கும் கேஸ் குழாய்க்கும் போடும் வளைய இணைப்புகளுக்கு பிரேக்கில் இடமே கிடையாது.

வார்ப்புக் கம்பியின் நீளத்தோடு இரு முனைக்கும் ஃபிளேருக்கான சில மில்லிமீட்டரைச் சேர்த்து வெட்டுங்கள். ரம்பம் வேண்டாம், வெட்டிதான்: ஒவ்வொரு சுற்றுக்கும் திருகைக் கொஞ்சமே இறுக்குங்கள். அவசரப்பட்டு இறுக்கினால் குழாய் உள்நோக்கி நசுங்கும். முனையை மெல்லிய அரத்தால் சதுரமாக்கி, உள் விளிம்பின் பிசிறை நீக்கி, வெளி விளிம்பையும் இலேசாகச் சாய்த்துவிடுங்கள். பிசிறு நீக்கும்போது குழாயின் வாய் கீழே பார்க்கட்டும்; துகள் உள்ளே விழாது. உள்ளே போன ஒரு செம்புத் துகள் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் சீலைக் கீறப் போதும்.

இப்போது நட்டைக் குழாயில் நுழைத்துவிடுங்கள். நட்டின் மரைப்பக்கம் முனையைப் பார்க்க வேண்டும். மறுமுனைக்கு உரிய நட், ரப்பர் புஷ், சுருள் காப்பு எல்லாவற்றையும் இரண்டாவது ஃபிளேருக்கு முன்பே நுழைத்துவிடுங்கள். அருமையான ஃபிளேர் போட்டுவிட்டு மேசையில் கிடக்கும் நட்டைப் பார்த்துத் திகைப்பது எல்லோருக்கும் நடக்கிறது.

கருவியின் தாடையில் குழாயை, அச்சின் விளிம்பு காட்டும் உயரத்துக்கு நீட்டிப் பிடியுங்கள். உயரம் குறைந்தால் ஃபிளேர் சிறுத்துப்போகும்; கூடினால் ஒரு பக்கம் மடியும். குழாய் வழுக்கிப் பின்வாங்காதபடி தாடையை நன்றாக இறுக்குங்கள். அச்சில் ஒரு சொட்டு பிரேக் ஆயில் தடவினால் உலோகம் உராயாமல் விரியும். இரட்டை ஃபிளேரின் முதல் அழுத்தத்திலேயே குமிழ் வடிவம் வந்துவிடும். இரண்டாவது அழுத்தம் அதை உள்ளே மடித்துப் புனலாக்கும்.

வெளியே எடுத்து வெளிச்சத்தில் சுழற்றிப் பாருங்கள். வட்டம் குழாயின் நடுவில் இருக்கிறதா? மயிரிழை விரிசல் ஏதாவது? உள் மடிப்பு எல்லாப் பக்கமும் ஒரே அகலமா? முனை சாய்ந்திருந்தால் வெட்டு சதுரமாக இல்லை என்று அர்த்தம். சந்தேகம் வந்தால் வெட்டி எறியுங்கள். குழாய் மலிவு. வண்டிக்கான குழாயில் கை வைக்கும் முன் துண்டுக் குழாய்களில் பழகுங்கள். ஒரு ஃபிளேரை நீளவாக்கில் ரம்பத்தால் பிளந்து உள் மடிப்பு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தால் கை தானாகப் பழகிவிடும்.

வளைப்பதைக் கருவியில்தான் செய்ய வேண்டும். ஃபிளேருக்கு ஒட்டி வளைக்காதீர்கள். நட் பின்னால் நகர இடமிருக்க வேண்டும். முடித்த ஒவ்வொரு குழாயிலும் காற்றை ஊதி, கிளீனரால் கழுவி, மீண்டும் ஊதி, இரு முனையையும் மூடுங்கள்.

8. இணைப்புகளை இறுக்குவது

நட்டை முதலில் கையால் மட்டுமே பல சுற்றுகள் திருகுங்கள். கையால் போகாத நட் மரை மாறிப் போகிறது. ஸ்பேனரை எடுத்தால் விலையுயர்ந்த சிலிண்டரின் மரை போய்விடும். வண்டியின் எல்லா நட்டுகளும் கைத்திருகில் உட்கார்ந்த பிறகே கிளிப்புகளைப் போட்டு, இறுதியாக இறுக்குங்கள். ஒரு முனையை முழுவதும் இறுக்கிவிட்டு மறுமுனையைத் துளைக்கு இழுத்தால் குழாய் எப்போதும் இழுவிசையிலேயே இருக்கும்.

மரையில் டேப்போ பசையோ சுற்றக் கூடாது. இங்கே மூடுவது ஃபிளேர். மரையின் வேலை ஃபிளேரை அழுத்துவது மட்டுமே. டேப்பின் நூல் உள்ளே போனால் துளை அடைபடும்.

இணைப்பு கசிந்தால் ஒருமுறை தளர்த்தி மீண்டும் இறுக்கிப் பார்க்கலாம். பிறகும் கசிந்தால் பலத்தைக் கூட்டாதீர்கள். ஃபிளேரைப் பிரித்துப் பாருங்கள்.

9. பெடலும் மாஸ்டர் சிலிண்டரும்

பெடல் பெட்டியைத் தாங்கும் தடுப்புச் சுவர் பல கிட் கார்களில் மெல்லிய தகடு. ஒருவர் பெடலை ஓங்கி மிதிக்க, மற்றொருவர் எஞ்சின் பக்கத்திலிருந்து அந்தத் தகட்டைப் பார்க்கட்டும். தகடு உப்பினால், பின்னால் தாங்கு தகடு வைத்து அதைச் சட்டத்தோடு இணையுங்கள். இதைச் செய்யாதவர்கள் பெடல் மெத்தென்று இருக்கிறதே என்று நாள் கணக்கில் காற்றைத் தேடுகிறார்கள்.

தள்ளு தண்டுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் இடையே, பெடலை விட்ட நிலையில், சிறிய இடைவெளி இருக்க வேண்டும். சுமார் 1 மி.மீ. போதும், தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே சரி. இடைவெளி இல்லாவிட்டால் பிஸ்டன் முழுவதும் பின்வாங்காது. ஆயில் தொட்டிக்குத் திரும்பும் நுண்துளை மூடியே இருக்கும். ஓட ஓட ஆயில் சூடாகி விரியும், போக்கிடமின்றி பேடை அழுத்தும், இன்னும் சூடாகும். கடைசியில் கார் தானாகவே பிரேக் பிடித்து நின்றுவிடும்.

ஆயில் தொட்டி காலிப்பர்களைவிட உயரத்தில் இருக்க வேண்டும். தரைக்கடியில் சிலிண்டர் வைக்கும் அமைப்பில் தொட்டியைத் தனியாக மேலே ஏற்றுங்கள். மாஸ்டர் சிலிண்டரே காலிப்பரைவிடத் தாழ்வாக இருந்தால் டிஸ்க் சுற்றில் 2 பிஎஸ்ஐ எஞ்சு அழுத்த வால்வு தேவைப்படும். ஆயில் பின்னோக்கி வடிவதை அது தடுக்கும்.

இரண்டு சிலிண்டரும் சமநிலைத் தண்டும் உள்ள அமைப்பில், தண்டு நடுவில் நேராக நிற்கும்படி தொடங்குங்கள். ஒரு சுற்று செயலிழந்தால் தண்டு சாயும். அந்தச் சாய்வுக்கு ஓர் எல்லை இருக்க வேண்டும். மற்ற சிலிண்டரை அது தள்ளுகிறதா என்பதை, காற்று எடுத்து முடித்த பிறகு ஒரு நிப்பிளைத் திறந்துவைத்துச் சோதிக்கலாம். பெடல் முள்களுக்கு எல்லாம் பூட்டு ஊசி போட்டீர்களா என்று தொட்டுப் பாருங்கள்.

பிரேக் விளக்கு ஸ்விட்ச்சை இப்போதே மாட்டுங்கள். அழுத்தத்தில் இயங்கும் வகை என்றால் அதற்கும் ஓர் இணைப்புத் துளை தேவை.

10. ஆயில் ஊற்றிக் காற்றை வெளியேற்றுவது

டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகை. டாட் 5 சிலிக்கோன் வகை. எண்கள் நெருங்கியிருப்பதால் குழம்ப வேண்டாம்: சிலிக்கோனை மற்றவற்றோடு கலக்கவே கூடாது. பெரும்பாலான கிட் காருக்கு டாட் 4 போதும். புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ், ஈரம் உறிஞ்சிய பின் குறைந்தது 155. அந்த இடைவெளியைப் பாருங்கள். திறந்து நாளான புட்டி ஏன் கூடாது என்பதை அது சொல்லிவிடும். எஞ்சின் ஆயிலும் மண்ணெண்ணெயும் ஒரு சொட்டுப் பட்டாலும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். பெயின்டில் பிரேக் ஆயில் சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

புதிய மாஸ்டர் சிலிண்டரை மேசையில் பற்றுக்கருவியில் பிடித்து, வெளிவாய்களிலிருந்து சிறு குழாய்களைத் தொட்டிக்கே திருப்பி விட்டு, மெதுவாகத் தள்ளித் தள்ளிக் காற்றை நீக்கிய பிறகு வண்டியில் மாட்டுவது நல்லது. உலர்ந்த சிலிண்டரிலிருந்து காற்றை வண்டியில் வைத்து எடுப்பது சலிப்பான வேலை.

வழக்கமான வரிசை: மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரம் முதலில், மிக அருகிலுள்ளது கடைசியில். ஒரு முன் சக்கரமும் எதிர்ப்பக்கப் பின் சக்கரமுமாகக் குறுக்குவாட்டில் பிரிந்த சுற்றானால் மூலக் காரின் கையேட்டில் உள்ள வரிசையைப் பின்பற்றுங்கள். சமநிலைத் தண்டு உள்ள காரில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு நிப்பிளையும் சேர்த்துத் திறந்தால் தண்டு சாயாமல் இருக்கும்.

நிப்பிளில் தெளிந்த பிளாஸ்டிக் குழாயை மாட்டி, அதன் மறுமுனையை ஆயில் உள்ள புட்டிக்குள் மூழ்க வையுங்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவர் பெடலை மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, “பிடித்திருக்கிறேன்” என்று சொல்ல வேண்டும். அப்போது நிப்பிளைக் கால் சுற்றுத் திறவுங்கள். பெடல் இறங்கும், குமிழ்கள் ஓடும். பெடல் அடியைத் தொடும் முன் நிப்பிளை மூடிவிட்டு, “விடலாம்” என்று சொல்லுங்கள். மூடும் முன் பெடலை விட்டால் வெளியேறிய காற்று அப்படியே திரும்பி உள்ளே போகும். இருவரும் சேர்ந்து வேலை செய்யும்போது வீணாகும் நேரம் பெரும்பாலும் இந்த ஒரு நொடியில்தான். வேகமாக மிதிக்க வேண்டாம். குமிழ் நுரையாகச் சிதறி எடுக்க வராது. தொட்டி வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வற்றினால் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும்.

பழைய மாஸ்டர் சிலிண்டரைப் பயன்படுத்தினால் பெடலைத் தரைவரை மிதிக்காதீர்கள். இதுவரை சீல் போகாத பகுதியில் துரு இருக்கும். அது சீலைக் கிழிக்கும். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்தால் போதும்.

காற்று பிடிவாதமாகத் தங்கினால் பின்பக்கக் காலிப்பரைக் கழற்றி, பேட்களுக்கு இடையே டிஸ்க் தடிமனுள்ள மரத்துண்டை வைத்து, நிப்பிள் உச்சிக்கு வரும்படி சாய்த்துப் பிடித்து எடுத்துப் பாருங்கள். வெளியே வந்த ஆயிலைத் தொட்டியில் மறுபடி ஊற்ற வேண்டாம்.

11. பெடல் சொல்வதைப் படியுங்கள்

பெடலை முழு பலத்தோடு அழுத்தி ஒரு நிமிடம் வைத்திருங்கள். அந்த நேரத்தில் மற்றொருவர் ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த வெள்ளைத் தாளால் தொட்டுப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கசிவைத் தாள் காட்டிவிடும்.

மெத்தென்று இருந்து, பம்ப் செய்தால் உயர்ந்தால் காற்று இருக்கிறது. நீளமாக இறங்கி, பிறகு திடமாக நின்றால் டிரம் ஷூவின் இடைவெளி அதிகம். திடமாக நின்று, அழுத்திக்கொண்டே இருக்கையில் மெல்ல மெல்லத் தாழ்ந்தால், வெளியே கசிவும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் விட்டுவிட்டது. அதற்கு மேல் காற்று எடுப்பதில் பயனில்லை.

இருக்கைக்கும் பெடலுக்கும் இடையே ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து இரவு முழுவதும் அழுத்தத்தில் விடுங்கள். பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் என்பதால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். காலையில் தரையையும் இணைப்புகளையும் பாருங்கள்.

12. ஹேண்ட்பிரேக்

இது கால் பிரேக் முடிந்த பிறகுதான். டிரம் ஷூவையோ பின் காலிப்பரில் இடைவெளியைத் தானாகச் சரிசெய்யும் அமைப்பையோ முதலில் அதன் இடத்தில் சரியாக்கிவிட்டு, பிறகு கேபிளை இறுக்குங்கள். கேபிளால் இழுத்தே ஷூ இடைவெளியை மறைத்தால் அந்தத் தானியங்கி அமைப்பு இயங்காமல் பெடல் அதிகம் இறங்கத் தொடங்கும். நெம்பைக் கீழே விட்ட நிலையில் இரு பின் சக்கரங்களும் உரசாமல் சுற்ற வேண்டும். ஹேண்ட்பிரேக் கேபிள் மூலம் இயங்குவதாகவே இருக்கட்டும். ஆயிலை நம்பும் ஹேண்ட்பிரேக் கால் பிரேக் போகும் நேரத்தில் அதோடு சேர்ந்தே போய்விடும்.

13. முன்-பின் சமநிலையும் முதல் ஓட்டமும்

மூலக் காரின் பின் பிரேக் கட்டுப்பாட்டு வால்வு அந்தக் காரின் எடைக்கு அமைக்கப்பட்டது. உங்கள் கார் இலேசானது, எடை வேறு விதமாகப் பரவியிருக்கிறது; அந்த வால்வு இங்கே பொருந்தும் என்று எண்ணாதீர்கள். பின் சுற்றில் கையால் சரிசெய்யும் வால்வு அல்லது சமநிலைத் தண்டு வேண்டும். முன் சுற்றில் அழுத்தம் குறைக்கும் வால்வு வைக்கவே கூடாது. பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் கார் பம்பரமாய்ச் சுழலும். முன் சக்கரம் முதலில் பூட்டினால் கார் நேராக வழுக்கும், அது தாங்கக்கூடியது.

நான்கு சக்கரங்களும் தரையை விட்டு உயர்ந்திருக்க, ஒருவர் பெடலை மிக மெதுவாக அழுத்தட்டும். மற்றொருவர் ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றட்டும். முன் இரண்டும் சற்று முன்னதாகவும், இடது வலது ஒரே நேரத்திலும் நிற்க வேண்டும். இது தொடக்க அமைப்பு மட்டுமே. பின் பிரேக்கைக் குறைத்து வைத்துக்கொண்டு ஓட்டத்தில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

முதல் ஓட்டம் மூடிய தனியிடத்தில், நடக்கும் வேகத்தில். முதலில் ஹேண்ட்பிரேக்கை மட்டும் இழுத்து நிறுத்திப் பாருங்கள், அடுத்து பெடல். கார் ஒரு பக்கம் இழுத்தால் அந்தப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் காலிப்பரில் காற்று, எண்ணெய் பட்ட பேட், ஒட்டிக்கொண்ட பிஸ்டன் ஆகியவற்றைத் தேடுங்கள்.

பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக, மணிக்கு 50 கி.மீ. வேகத்திலிருந்து 15-க்கு மிதமாக, முழுவதும் நிற்காமல், பல முறை குறையுங்கள். இடையிடையே ஆற விடுங்கள். சூடான டிஸ்க்கில் பேடை அழுத்தியபடி நிறுத்தி வைத்தால் பேடின் பொருள் ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு இணைப்பையும் மறுபடி தாளால் துடையுங்கள், கிளிப்புகளை ஆட்டிப் பாருங்கள், ஹோஸில் பளபளத்த உரசல் தடம் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், தள்ளு தண்டின் இடைவெளியையும் மீண்டும் அளவெடுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு இதையே இன்னொரு முறை செய்து, ஆயிலை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய தேதியைத் தொட்டியின் மூடியில் எழுதிவையுங்கள்.